ஓட்ஸ் அறைக் கதவு

எட்மன்டன்
மே 18, 2009

அன்புள்ள ஓரெஸ்ட்,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே குப்பைத் தொட்டியை நோக்கி நடந்திருப்பாய். கொஞ்சம் நில். படித்துவிட்டு அப்புறம் போடு. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ஆறு வருஷமாக உன் வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை, 'பீப் ஒலிக்குப் பிறகு பேசவும்' என்கிற அந்த மெஷின்தான். அதற்கும் இப்போது என்னைக் கண்டால் அலுத்துவிட்டது, பாதியிலேயே துண்டித்துவிடுகிறது.

சங்கதி இதுதான். போன சனிக்கிழமை கார்வருக்குப் போயிருந்தேன். அங்கே பழைய ரயில் நிலையத்துக்குப் பின்னால் மலையில் வாழும் உயிர்களுக்கென்று ஒரு அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிற பழைய மாதிரி இல்லை. எல்லாவற்றையும் தொடலாம், அமுக்கலாம், உள்ளே நுழையலாம். கீழே பள்ளத்தாக்கில் ஆரம்பித்துச் சாய்தளத்தில் ஏறிக்கொண்டே போனால் ஊசியிலைக் காடு வருகிறது, அப்புறம் மரமே இல்லாத புல்வெளி, அதற்கும் மேலே பாறையும் பனியும். ஏற ஏறக் குளிரைக் கூட்டுகிறார்கள். உச்சியில் மெஷின் வைத்துக் காற்றடிக்கிறார்கள். என் தொப்பி பறந்து ஒரு மலையாட்டின் கொம்பில் போய் மாட்டிக்கொண்டது. எடுத்துக் கொடுத்த காவல்காரர், "இன்னைக்கு இது ஆறாவது தொப்பிம்மா. ஆடு சேத்து வச்சுக்குது" என்றார்.

தரையணில் வளை மாதிரி ஒரு சுரங்கம் இருந்தது. அறுபது வயதில் எனக்கு ஆசை வந்து தவழ்ந்து போனேன். பாதியில் முழங்கால் மக்கர் பண்ணிவிட்டது. பின்னால் வந்த சிறுமி ஒருத்தி என் செருப்பைத் தட்டி, "ஏங்க, நீங்க உள்ளயே குடியிருக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். நீ அங்கே இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

ஒரு சுவரில் வரிசையாக மரப்பெட்டிகள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். முதல் பெட்டியில் ஊசியிலைப் பிசின். அவ்வளவுதான், நான் கார்வரில் இல்லை. வில்லோ க்ரீக் மலைக் காவலர் வீட்டில், நம் சமையலறையில் நின்றேன். அம்மா பெரோகிக் கொழுக்கட்டைக்கு வெங்காயம் வதக்குகிறாள். அப்பா ஈரக் காலுறையை அடுப்புக்கு மேலே கம்பியில் போடுகிறார். நீ மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு தபாலில் பாடம் நடத்தும் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய கணக்குத் தாளில் குதிரை வரைந்துகொண்டிருக்கிறாய். பெட்டியை மூடவே மனம் வரவில்லை, ஓரெஸ்ட். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

அதற்கு அப்புறம் வந்ததுதான் விஷயம். பாறைத் திருப்பத்தில் அவள் நின்றிருந்தாள். நம் வீட்டுக்காரம்மா. பாடம் செய்து, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அப்பா அந்தக் கரடிக்குப் பெயர் வைத்தபோது நீ தொட்டிலில் கிடந்தாய். ஒவ்வொரு வசந்தத்திலும் மலையிலிருந்து இறங்கி வேலியோரமாக நடந்து, வாடகை வாங்க வந்தவள் போல வீட்டை மேலும் கீழும் பார்ப்பாளே! அப்பா வாசலில் தொப்பியைக் கழற்றி, "வாங்கம்மா. கூரை ஒழுகுதுன்னு போன வருஷமே சொன்னேன், இன்னும் ஆள அனுப்பல நீங்க" என்பார். ஒன்பது வருஷம் ஒரு தொந்தரவும் தந்ததில்லை அவள்.

அவளுக்கு முன்னால் ஒரு திரை. 'நீங்கள்தான் மலைக் காவலர். இந்தக் கரடி மனிதர் உணவுக்குப் பழகிவிட்டது. என்ன செய்வீர்கள்?' மூன்று பொத்தான்கள்: விரட்டு, வேறு மலைக்குக் கொண்டு போ, சுடு. பள்ளிப் பிள்ளைகள், "சுடுறத அமுக்குடா, சுடுறத அமுக்கு!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எதை அமுக்கினாலும் கடைசியில் ஒரே குரல்தான் வருகிறது: '1961இல் வில்லோ க்ரீக் காவலர் தீவன அறைக் கதவைச் சரியாகத் தாழிடாமல் விட்டார். கரடி ஓட்ஸ் தின்று பழகியது. காவலரின் கவனக்குறைவால் அது சுடப்பட வேண்டியதாயிற்று.' பலகையிலும் அதையே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெயர் போடவில்லை. ஆனால் வில்லோ க்ரீக்கில் வேறு எந்தக் காவலர் இருந்தார்? தினமும் இருநூறு பிள்ளைகள் பொத்தானை அமுக்கி, நம் அப்பா கவனமில்லாதவர் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு சேணத்தின் வாரைக்கூட மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன் அவர்!

இதை மாற்றியாக வேண்டும். கதவைத் திறந்து விட்டது நீ என்று நமக்குத் தெரியும். உனக்கு அப்போது எட்டு வயது, யாரும் உன்னைத் தூக்கில் போடப் போவதில்லை. நடந்ததை நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
ஸ்டெஃபா

---

தண்டர் பே
ஜூன் 1, 2009

திருமதி ஸ்டெஃபா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. குப்பையில் போடவில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன். அப்பாவின் சவப்பெட்டி தேவாலய வாசலில் இருந்தபோது, ஊர் ஜனம் அத்தனை பேருக்கும் நடுவில் நீ என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? உனக்கு மறந்திருக்கும், சொல்கிறவர்களுக்கு மறந்துவிடும். "அன்னைக்கு நீ அந்தக் கதவ ஒழுங்கா சாத்தியிருந்தா அப்பா மலையவிட்டே எறங்கியிருக்க மாட்டாரு. முப்பது வருஷம் தானியக் கிடங்குல தூசி குடிச்சே செத்தாரு." வார்த்தைக்கு வார்த்தை என்னிடம் இருக்கிறது.

இப்போது அதையே தாளில் எழுதித் தர வேண்டுமா? ரயில் பட்டறையில் எனக்கு வேலை இருக்கிறது. தவிர, நீ எழுதச் சொல்கிற கதை நடந்த கதையும் அல்ல.

ஓரெஸ்ட்

பின்குறிப்பு: அவளுடைய இடது காதில் ஒரு கிழிசல் இருக்குமே, அதைத் தைத்து மூடிவிட்டார்களா, அப்படியே விட்டிருக்கிறார்களா?

---

எட்மன்டன்
ஜூன் 9, 2009

ஓரெஸ்ட்,

அப்படியே விட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்க மறுபடியும் கார்வர் போனேன், தெரியுமா? உனக்காகத்தான். தொட்டுப் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு கரடித்தோல் துண்டும் வைத்திருக்கிறார்கள். மேல் மயிர் முரடு, அதற்கடியில் பஞ்சு மாதிரி. அத்தனை வருஷம் அவளை ஜன்னல் வழியாகவே பார்த்தோம். இப்போது விரலை உள்ளே விட்டுக்கொண்டு மடச்சி மாதிரி அழுதேன்.

தேவாலயத்தில் நான் சொன்னதை மறக்கவில்லை. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பொய்யும் சொல்லவில்லையே நான்! "நடந்த கதை அல்ல" என்றால் என்ன அர்த்தம்? அந்தக் காலையில் நானும் மேஜையில்தான் இருந்தேன். அப்பா கேட்டார், நீ "நான்தான்" என்றாய். அம்மாகூடக் கரண்டியைக் கீழே போட்டாள். எட்டு வயதில் ஒப்புக்கொண்டதை ஐம்பத்தாறு வயதில் மாற்றுகிறாயா? அப்பா அதற்குப் பின் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த நன்றிக்காவது நான்கு வரி எழுதக் கூடாதா?

அங்கே காப்பாட்சியராக இருக்கும் தெரீசா கார்டினல் என்ற பெண்ணையும் பார்த்தேன். முப்பது வயதிருக்கும், நல்ல மாதிரி. "நாங்க சும்மா எழுதலம்மா. பழைய காவலர் அறிக்கையில அப்படித்தான் இருக்கு. அத எடுத்து நகல் அனுப்புறேன். நீங்க வேற ஆதாரம் குடுத்தா பலகைய மாத்துறதுல எனக்கு ஒண்ணும் சங்கடம் இல்ல" என்றாள். ஜூலை கடைசிக்குள் கொடுத்தால்தான் உண்டு. அதற்குப் பிறகு பலகையை நிரந்தரமாக வெண்கலத்தில் வார்த்துவிடுவார்களாம்.

அப்பா பேரை வெண்கலத்தில் கெடுக்க விடாதே.

ஸ்டெஃபா

---

தண்டர் பே
ஜூன் 24, 2009

ஸ்டெஃபா,

நான்கு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்.

அந்தக் கதவு உனக்கு நினைவிருக்கிறதா? ஓர் இரும்புப் பட்டையைக் குறுக்கே போட்டு, அதன் துளையில் ஒரு இரும்பு முளையைச் செருக வேண்டும். முளை இல்லாவிட்டால் கரடி பட்டையை மூக்காலேயே தூக்கிவிடும். அப்பா நமக்கு ஜெபத்தைக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் அதைத்தான் கற்றுக்கொடுத்தார்.

குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுவது என் வேலை. ஓட்ஸ் எடுப்பது உன் வேலை, எனக்கு அந்தப் பீப்பாய் மூடியைத் தூக்க முடியாது. ஒரு கையில் வாளி, மறு கையில் பழுப்புக் குதிரையின் கயிறு, வாயில் ஏதாவது பாட்டு. பட்டையை முழங்கையால் தள்ளிவிட்டுப் போவாய். முளையை நீ ஒரு நாளும் செருகியதில்லை. ஒரு நாளும். மறுநாள் போகும்போது அது செருகியிருப்பதைப் பார்த்து, நேற்று நாம்தான் செருகினோம் என்று நினைத்திருப்பாய். தினமும் உனக்குப் பின்னால் வந்து செருகியது நான். அப்பாவிடம் சொன்னால் உனக்கு ஏச்சு விழும் என்று சொல்லவில்லை. எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. அக்காவுக்கே தெரியாமல் அக்காவைக் காப்பாற்றுகிறேனாம்!

அந்த வாரம் நீ ஏழாம் வகுப்புக்கு டவுனுக்குப் போவதாக இருந்தாய். பெட்டி கட்டியாகிவிட்டது. புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்தாய். நான் கேட்டேன்: "நீ போயிட்டா நான் யாரோட வெளையாடுறது?" நீ சொன்னாய்: "வீட்டுக்காரம்மாவோட வெளையாடு. வால் மாதிரி என் பின்னாடியே வராம இரு." நீ வேடிக்கைக்குத்தான் சொன்னாய்.

சாயங்காலம் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். முளை சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தேன். கை நீட்டினால் போதும். 'இனிமே அவளே போட்டுக்கட்டும்' என்று வீட்டுக்குள் போய்விட்டேன்.

விடிகாலையில் அவள் வந்தாள். பீப்பாயைக் கவிழ்த்து வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போனாள். காலைச் சாப்பாட்டில் அப்பா, "கடைசியா அங்க போனது யாரு?" என்றார். நீ, "நான் பட்டையப் போட்டுட்டுத்தான்பா வந்தேன்" என்றாய். பொய் இல்லை, போட்டிருந்தாய். நான் "நான்தான்" என்றேன். அதுவும் பொய் இல்லை.

அப்புறம் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும், நீ டவுனுக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு மூன்று தடவை வந்தாள். மூன்றாவது தடவை அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது சமையலறை ஜன்னலைப் பெயர்த்துவிட்டாள். வயர்லெஸ்ஸில் மேலிடத்து உத்தரவு வந்தது. வேறு ஆளை அனுப்புகிறோம் என்றார்கள், அப்பா வேண்டாம் என்றார். அவரேதான் சுட்டார். சுடுவதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். நான் கொட்டகைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

திரும்பி வந்து என்னைத் தாண்டிப் போனார், ஒன்றும் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, சாகிற வரைக்கும் அதைப் பற்றி என்னிடம் வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். மன்னிக்காதவர்கள்தான் அப்படி மௌனமாக இருப்பார்கள் என்று எனக்குள் ஒரு எண்ணம்.

இதைப் போய் நான்கு வரியில் எழுதச் சொல்கிறாய்.

ஓரெஸ்ட்

---

எட்மன்டன்
ஜூலை 6, 2009

அன்புள்ள ஓரெஸ்ட்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. 'இவன் என் தலையில் கட்டப் பார்க்கிறான்' என்று பல்லைக் கடித்தேன். பாத்திரம் கழுவினேன், தோட்டத்தில் களை பிடுங்கினேன், பக்கத்து வீட்டு நாயைத் திட்டினேன். அந்த முளையைச் செருகிய ஒரே ஒரு நாளையாவது நினைவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று பார்த்தேன். பட்டையின் குளிர்ச்சி முழங்கையில் இருக்கிறது. குதிரையின் மூச்சு கழுத்தில் இருக்கிறது. முளை மட்டும் கையில் இல்லவே இல்லை.

பிறகு உட்கார்ந்து தெரீசாவுக்கு எழுதினேன்: கதவைத் திறந்து விட்டது அப்பாவும் அல்ல, தம்பியும் அல்ல, நான். கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் காப்பி குடித்தேன்.

அது போய்ச் சேர்ந்திருக்காது, அதற்குள் அவள் அனுப்பிய நகல் வந்துவிட்டது. அப்பாவின் அறிக்கை. இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் கையெழுத்துத்தான், சந்தேகமே இல்லை. கீழே கோடு போட்ட இடத்தைப் பார்.

'தீவன அறைக் கதவைக் கடைசியாகக் கையாண்டது நான். முளையைச் செருகாமல் விட்டதும் நான். என் பிள்ளைகளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவர்களை யாரும் விசாரிக்க வேண்டாம். இந்தத் தவறைச் செய்தவன் மலையில் காவல் இருக்கத் தகுதியற்றவன். ஆகவே என்னை விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

தேதியைப் பார்த்தாயா? நீ "நான்தான்" என்று சொன்ன அதே நாள். கரடியைச் சுடுவதற்கு மூன்று வாரம் முன்னால். விசாரிக்க ஆள் வரும், எட்டு வயதுப் பையனை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்ததும் போய் எழுதியிருக்கிறார்.

அவர் உன்மேல் கோபமாக இல்லை, ஓரெஸ்ட். அவர் வரையில் அந்த விஷயம் அன்றைக்கே முடிந்துவிட்டது.

தேவாலய வாசலில் நான் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. தெரியாமல் சொன்னேன் என்று தப்பிக்கப் பார்க்கவில்லை. தெரிந்திருந்தாலும் அந்த இடத்தில் சொல்லியிருக்கக் கூடாது. உன்னை வால் என்று சொன்னதற்கும் சேர்த்து.

அக்கா

---

தண்டர் பே
ஜூலை 15, 2009

அக்கா,

நகலை மதியச் சாப்பாட்டு வேளையில் பட்டறையில் வைத்துப் பிரித்தேன். தப்புப் பண்ணிவிட்டேன், வீட்டில் பிரித்திருக்க வேண்டும். என்னோடு வேலை செய்கிற லாரி என்கிறவன், "என்னப்பா, யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டான். "இல்ல, ஒருத்தர் திரும்பி வந்திருக்காரு" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். தன் சாண்ட்விச்சில் பாதியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

நாற்பத்தெட்டு வருஷம், அக்கா. மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து சூப் குடிக்கிற அப்பாவைப் பார்த்து, 'இவர் இன்னும் மன்னிக்கவில்லை' என்று நினைத்தே வளர்ந்தேன். அதனால்தான் இவ்வளவு தூரத்தில் வேலை தேடிக்கொண்டேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம் கேட்டிருக்கலாம் நான்.

உன் மன்னிப்பு கிடைத்தது. வைத்துக்கொண்டேன். ஆனால் தெரீசாவுக்கு நீ எழுதியது ஒப்பாது. நீ செருக மறந்தாய், நான் பார்த்தும் செருகாமல் விட்டேன். இரண்டும் ஒன்றல்ல. நானும் அவளுக்கு எழுதிவிட்டேன்: கதவைத் திறந்து விட்டது நான்.

ஓரெஸ்ட்

---

எட்மன்டன்
ஜூலை 22, 2009

என் அருமைத் தம்பிக்கு,

நீ செய்த காரியத்தால் அந்தப் பெண் என்னைப் போனில் பிடித்துவிட்டாள். "அம்மா, நான் பத்து வருஷமா இந்த வேலையில இருக்கேன். எல்லாரும் 'அது நாங்க இல்ல'ன்னுதான் கடிதம் போடுவாங்க. உங்க குடும்பத்துல ஒரு கதவுக்கு மூணு பேரு சண்ட போடுறீங்க! நான் யார் பேச்ச வெண்கலத்துல வாக்குறது?" என்றாள்.

அப்பா பொய் சொன்னார் என்று எழுதவும் எனக்கு மனமில்லை, அவர் கவனமில்லாதவர் என்று விட்டுவிடவும் மனமில்லை. நீயும் மாட்டாய் என்று தெரியும். கடைசியில் அவளே ஒரு வாசகம் எழுதி அனுப்பினாள். குரலிலும் இதுதான் வருமாம். நீ சரி என்றால்தான் வார்ப்பார்கள்:

'1961இல் வில்லோ க்ரீக்கில் தீவன அறைக் கதவின் முளை செருகப்படாமல் இருந்தது. கரடி ஓட்ஸ் தின்று பழகியது. அதனால் சுடப்பட்டது. முளையைச் செருகாமல் விட்டது தாம்தான் என்று மூன்று பேர் எழுத்துமூலம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் காவலர். மற்ற இருவரும் அவருடைய பிள்ளைகள்.'

நான் பத்துத் தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் 'பிள்ளைகள்' என்ற இடத்தில் நின்றுவிடுகிறேன்.

சனிக்கிழமை, ஆகஸ்ட் எட்டாம் தேதி பலகையை மாட்டுகிறார்கள். ஒன்றரை நாள் பஸ் பயணம், உனக்கு முதுகு வலிக்கும் என்று தெரியும். வருவாயா? பெரோகிக்கு மாவு பிசைந்து வைக்கிறேன். அம்மா கைப்பக்குவம் எனக்கு வராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அக்கா

---

தண்டர் பே
ஜூலை 30, 2009

அக்கா,

வாசகம் சரி. ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்று சொல்.

லீவு வாங்கிவிட்டேன். பஸ் வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு எட்மன்டன் வருகிறது. எனக்குத் தலையில் மயிர் கிடையாது இப்போது. வழுக்கையைப் பார்த்து வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போய்விடாதே.

கார்வருக்கு சனிக்கிழமை போகலாம். அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமையே என்னை வெக்ரவில்லில் அப்பாவின் கல்லறைக்குக் கூட்டிப் போ. அன்று உன்மேல் வந்த கோபத்தில் நான் தேவாலய வாசலிலிருந்தே பஸ் ஏறிவிட்டேன். எல்லாரும் மண் போட்டார்கள், மகன் போடவில்லை. ஆறு வருஷத்தில் புல் மூடியிருக்கும். பரவாயில்லை, புல்லின் மேலேயே போடுகிறேன்.

ஓரெஸ்ட்